கம்பெனிக்காகச் சொந்த ஊரில் கையெழுத்து வாங்கலாமா?

நீண்ட கடிதம். ஊர், மாவட்டம், நிறுவனம் ஆகிய அடையாளங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

எழுதியவருக்கு 34 வயது. சிமென்ட் ஆலை ஒன்றில் சமூகத் தொடர்பு அலுவலர். தாய் நிறுவனம் பங்குச் சந்தையில் இருக்கும் பெரிய நிறுவனம். ஆலையின் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தை ஒட்டிய கிராமம்தான் இவர் பிறந்து வளர்ந்த ஊர். வேலை கிடைத்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று அவரே எழுதுகிறார். இப்போது சுரங்கத்தை விரிவாக்க விண்ணப்பித்திருக்கிறார்கள். பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கான அறிவிப்பு நாளிதழ்களில் வந்துவிட்டது. மேலாளர் இவரிடம் மூன்று வேலைகளை ஒப்படைத்திருக்கிறார். ‘விரிவாக்கத்தை வரவேற்கிறோம்’ என்று அச்சடித்த படிவத்தில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும். நிறுவனம் ஊருக்குச் செய்த நன்மைகளைப் பட்டியலிடும் துண்டுப் பிரசுரத்தை வினியோகிக்க வேண்டும். கூட்டத்தன்று ஆதரித்துப் பேசப் பத்துப் பேரைத் தயார் செய்து, பேச வேண்டியதையும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிக்கல் தண்ணீரில் இருக்கிறது. சுரங்கக் குழி நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே போய்விட்டதால் ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்து வெளியேற்றுகிறார்கள். நிறுவனத்தின் கண்காணிப்புக் கிணறுகளில் நீர்மட்டம் ஆண்டுக்கு ஆண்டு இறங்கி வருவதைக் காட்டும் அட்டவணையை இவர் அலுவலக மின்னஞ்சலில் பார்த்திருக்கிறார். விரிவாக்கத்தின் சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றி மக்கள் பார்வைக்கு வைத்திருக்கும் வரைவு அறிக்கையிலோ ‘சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை’ என்று இருக்கிறது. இவருடைய சித்தப்பாவின் கிணறு இரண்டு கோடையாக வறண்டு கிடக்கிறது. ஊர்க்காரர்கள் சொல்லும் குறைகளை ஒரு நோட்டில் எழுதி வருகிறார். ‘வாயால் சொன்னதெல்லாம் புகார் ஆகாது’ என்று சொல்லி, அவற்றை ஆண்டறிக்கைக் கணக்கில் சேர்க்க மேலாளர் விடவில்லை.

“கையெழுத்து நிறைய இருந்தால் அனுமதி கிடைத்துவிடும் என்கிறார்கள். மறுத்தால் வேலை போகும். வாங்கினால் ஊரில் தலைகாட்ட முடியாது. ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் வேறு கையெழுத்திட்டிருக்கிறேன். என்ன செய்வது?” இதுதான் கேள்வி. பின்குறிப்பில் சித்தப்பாவைப் பற்றி ஒன்று கேட்டிருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புச் சகோதரிக்கு,

ஊருக்கும் கம்பெனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஊரைக் காப்பாற்றினால் நிறுவனத்துக்குத் துரோகம், நிறுவனத்துக்கு உழைத்தால் ஊருக்குத் துரோகம் என்பது உங்கள் கணக்கு. அந்தக் கணக்கு சரியில்லை. இந்த விவகாரத்தில் இரு தரப்புக்கும் சேர்த்து நன்மை தரக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது: கிணற்று அட்டவணையைக் கூட்டத்துக்கு முன்பே நிறுவனம் தானாக வெளியிடுவது. உங்கள் மேலாளருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். ஆனால் சட்டத்தைப் படித்தால், நிறுவனத்தை ஆபத்தில் தள்ளுவது அவர் காட்டும் வழிதான்.

கூட்டத்தில் தலைகளை எண்ணுவதில்லை

கருத்துக் கேட்புக் கூட்டம் வாக்கெடுப்பு அல்ல. உங்கள் அலுவலகத்தில் பலர் அப்படி நினைப்பதாகத் தெரிகிறது. ஊரிலும் அப்படித்தான் நினைப்பார்கள். 2006 செப்டம்பர் 14 தேதியிட்ட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பிற்சேர்க்கையில் நடைமுறை முழுவதும் இருக்கிறது. கருத்துத் தெரிவிக்க மக்களுக்குக் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். கலெக்டரோ, கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ தலைமை தாங்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பிரதிநிதி உடனிருப்பார். கூட்டம் முழுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும். இத்தனை பேர் வந்தால்தான் கூட்டம் செல்லும் என்ற கணக்கு கிடையாது. வந்திருக்கும் எவரும் நிறுவனத்திடம் விளக்கம் கேட்கலாம். நிறைவில், சொல்லப்பட்ட கருத்துகளின் சுருக்கத்தை மக்களுக்குப் புரியும் மொழியில் அங்கேயே படித்துக் காட்ட வேண்டும். எழுப்பப்பட்ட பிரச்சினைகளும் அவற்றுக்கு நிறுவனம் தந்த பதில்களும் தனிப் பட்டியலாகி, நடவடிக்கைக் குறிப்புடன் மேலே போகும்.

அனுமதி தரலாமா என்று பரிசீலிக்க மேலே உட்கார்ந்திருக்கும் நிபுணர் குழு பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். எண்ணூறு பேர் ‘வரவேற்கிறோம்’ என்று கையெழுத்திட்டிருந்தாலும், ஒரு விவசாயி எழுந்து “என் கிணறு ஏன் வற்றியது?” என்று கேட்டுவிட்டால், அந்தக் கேள்விக்கு நிறுவனம் என்ன பதில் சொன்னது என்பதுதான் கோப்பில் கனமாக நிற்கும். கோவாவில் ஒரு சுரங்கத்துக்குத் தரப்பட்ட அனுமதியை எதிர்த்த உத்கர்ஷ் மண்டல் வழக்கில், மக்கள் எழுப்பிய ஆட்சேபங்களை நிபுணர் குழு பரிசீலித்து, அவற்றை ஏற்றதற்கோ மறுத்ததற்கோ காரணம் சொல்ல வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. கையெழுத்துக் கட்டுகள் அந்தக் காரணத்தின் இடத்தை நிரப்பாது.

இதன் மறுபக்கத்தையும் ஊர்க்காரர்கள் அறிந்திருப்பது நல்லது. பெரும்பான்மை எதிர்த்தால் திட்டம் தானாக நின்றுவிடும் என்பதும் உண்மையல்ல. இங்கே பலர் நியமகிரியை உதாரணம் காட்டுகிறார்கள். ஒடிசாவில் அந்த மலையில் பாக்சைட் தோண்டுவதைப் பற்றி கிராம சபைகளே முடிவெடுக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. மத்திய அரசு அனுமதியை மறுத்தது. ஆனால் அந்த உரிமை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்திலிருந்து வந்தது. உங்கள் ஊரில் இருப்பது பட்டா நிலம். அங்கே நடக்கும் கருத்துக் கேட்புக்கு அந்த அளவு வலிமை இல்லை.

கையெழுத்து வாங்குவது குற்றமா என்று நேரடியாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆதரவு திரட்டுவது குற்றமல்ல. எதிர்ப்பவர்களும் மனுவில் கையெழுத்து வாங்கத்தான் செய்வார்கள். ஆனால் வெளியூரில் இருக்கும் மகனுக்காகத் தாய் கையெழுத்திடுவது, வருகைப் பதிவேடு என்று சொல்லி வாங்குவது, படிக்கத் தெரியாதவரிடம் முழுவதையும் சொல்லாமல் விரல் ரேகை வாங்குவது ஆகியவை வேறு வகை. அவற்றில் மோசடியும் போலி ஆவணமும் வந்துவிடும். அப்போது “மேலாளர் சொன்னார்” என்பது உங்களைக் காப்பாற்றாது. படிவத்தை நீட்டிய கை உங்களுடையது. பத்துப் பேருக்கு எழுதிக் கொடுக்கும் பேச்சு குற்றமில்லை என்றாலும் வீண் வேலை. பத்துப் பேரும் ஒரே வாக்கியத்தை ஒரே ஏற்ற இறக்கத்தோடு சொல்வது வீடியோவில் அப்பட்டமாகத் தெரியும். இப்படிப்பட்ட பதிவுகளைப் பார்த்திருக்கிறேன்; மூன்றாவது ஆள் பேசும்போதே பந்தலில் சிரிப்பு தொடங்கிவிடும்.

அந்த அட்டவணை ரகசியம்தானா?

கடிதத்தில் நீங்கள் அதிகம் பயப்படும் இடம் இது. என் பார்வையில் உங்களுக்கு அதிக பலம் தரும் இடமும் இதுதான்.

விரிவாக்கம் என்றால் ஏற்கெனவே ஒரு சுற்றுச்சூழல் அனுமதி இருக்கிறது. அந்த அனுமதிக் கடிதத்தை எடுத்து நிபந்தனைகளைப் படியுங்கள். சுண்ணாம்புக்கல் சுரங்கங்களுக்குத் தரப்படும் அனுமதிகளில் பெரும்பாலும் ஒரு நிபந்தனை இருக்கும்: சுரங்கத்துக்கு உள்ளும் வெளியும் கண்காணிப்புக் கிணறுகள் அமைத்து, கோடை, மழைக்காலம், மழைக்குப் பின், குளிர்காலம் என ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தையும் தரத்தையும் அளந்து அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பது அது. நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டுவதற்கு முன் தனி ஆய்வும் முன் அனுமதியும் தேவை என்ற நிபந்தனையும் அநேகமாக இருக்கும். இவை தவிர, 2006 அறிவிக்கையின்படி ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 1, டிசம்பர் 1 ஆகிய நாள்களில் நிபந்தனைகளை நிறைவேற்றியது பற்றிய அரையாண்டு அறிக்கையை நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த அறிக்கைகள் பொது ஆவணங்கள். யார் வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? நீங்கள் ரகசியம் என்று பொத்தி வைத்திருக்கும் அட்டவணை, சட்டப்படி ஏற்கெனவே அரசுக் கோப்பில் இருக்க வேண்டிய ஒன்று. அது அங்கே உண்மையாக இருந்தால், நாளை எந்த வழக்கறிஞரும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அதை வாங்கி, வரைவு அறிக்கையின் ‘பாதிப்பு இல்லை’ என்ற வரிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அது அங்கே இல்லை என்றாலோ வேறு எண்களோடு இருந்தாலோ, பழைய அனுமதியின் நிபந்தனையை மீறிய சிக்கல் தனியாகச் சேர்ந்துகொள்ளும். எப்படிப் பார்த்தாலும் மூடி வைப்பதால் நிறுவனத்துக்கு லாபமில்லை.

உங்கள் மேலாளரிடம் காட்ட வேண்டியது அதே அறிவிக்கையின் 8ஆம் பத்தியின் ஆறாவது உட்பிரிவு. முடிவெடுப்பதற்கு முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைத்தாலோ, பொய்யான அல்லது தவறாக வழிநடத்தும் தகவலைக் கொடுத்தாலோ, விண்ணப்பத்தை நிராகரிக்கலாம். அதன் பேரில் கொடுத்த அனுமதியை ரத்தும் செய்யலாம். அனுமதி கிடைத்த பிறகு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் உண்டு. தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. இயந்திரம் வாங்கி, வங்கிக் கடன் எடுத்து, ஆள் சேர்த்த பிறகு அனுமதி ரத்தானால் என்ன ஆகும் என்பதை நிதிப் பிரிவில் யாரிடமாவது கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

தகவலை மறைத்த நிறுவனத்துக்கு என்ன நேரும் என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2020 மே மாதம், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் தங்கியிருந்த குகைகளை ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாதுக்காக வெடி வைத்துத் தகர்த்தது. மாநில அரசின் அனுமதி 2013இலேயே கையில் இருந்தது. அந்த நிலத்தின் பூர்வகுடிகளோடு ஒப்பந்தமும் இருந்தது. பல ஆண்டுகளாகப் பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஆனால் சுரங்கத்தை அமைக்க நான்கு வழிகளை நிறுவனம் ஆராய்ந்திருந்ததையும், அவற்றில் மூன்று வழிகளில் குகைகள் தப்பித்திருக்கும் என்பதையும் அந்த மக்களிடம் சொல்லவே இல்லை. நாடாளுமன்ற விசாரணையில் இது வெளியே வந்தது. முதலீட்டாளர்களே கொதித்தெழுந்தார்கள். தலைமைச் செயல் அதிகாரியும் இரும்புத்தாதுப் பிரிவின் தலைவரும் வெளியேற வேண்டியதாயிற்று. மூன்றாவதாக வெளியேறியவர் யார் தெரியுமா? நிறுவனத்தின் வெளித்தொடர்புகளுக்குப் பொறுப்பான தலைவர். உங்கள் துறைக்காரர்.

ஊருக்கு ஒரு கணக்கு, முதலீட்டாளருக்கு ஒரு கணக்கு

நோட்டுப் புத்தக விஷயம் உங்களுக்குச் சின்னதாகத் தெரிகிறது. கடிதத்தில் இரண்டு வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அது சின்னதாகத் தெரியவில்லை.

பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் இருக்கும் நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் ‘வணிகப் பொறுப்பு மற்றும் நிலைத்தன்மை அறிக்கை’யை வெளியிட வேண்டும் என்பது பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பின் கட்டளை. அதன் தொடக்கப் பகுதியிலேயே ஒரு அட்டவணை உண்டு. சுற்றியுள்ள சமூகம், முதலீட்டாளர்கள், ஊழியர்கள், வாடிக்கையாளர்கள் என்று வரிசையாக, ஒவ்வொரு தரப்பிடமிருந்தும் அந்த ஆண்டு எத்தனை புகார் வந்தது, எத்தனை தீராமல் இருக்கிறது என்று நிரப்ப வேண்டும். சமூகத்தின் குறைகளைக் கேட்டுத் தீர்க்க என்ன ஏற்பாடு இருக்கிறது என்ற கேள்வி பின்னால் தனியாகவும் வருகிறது. உங்கள் ஆலையைப் பொறுத்தவரை அந்த ஏற்பாடு நீங்களும் உங்கள் நோட்டும்தான்! வாய்மொழிப் புகாரை ஒதுக்கிவிட்டு அங்கே பூஜ்யம் போட்டால், அந்தப் பூஜ்யத்தை நம்பி மும்பையில் ஒருவர் முதலீடு செய்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி வெடி அதிர்ச்சியில் சுவர் விரிந்ததை வாயால்தான் சொல்ல முடியும்.

நோட்டை இப்போதே ஒழுங்குபடுத்துங்கள். தேதி, இடம், குறை, யாருக்குத் தெரிவித்தீர்கள், என்ன பதில் வந்தது என்ற ஐந்து விவரங்கள் போதும். மாதம் ஒருமுறை அதன் சுருக்கத்தை அலுவலக மின்னஞ்சலில் மேலாளருக்கு அனுப்புங்கள். அதைக் கணக்கில் சேர்ப்பதும் விடுவதும் அவர் பொறுப்பு. அனுப்பியதற்கான சான்று உங்களிடம் இருக்கும்.

துண்டுப் பிரசுரத்துக்கு வருவோம். ‘இவ்வளவு செய்திருக்கிறோம், ஊர் எங்களுக்கு ஆதரவு தர வேண்டாமா?’ என்று நீங்களே ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். 2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டம், 135ஆம் பிரிவின்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள நிறுவனம் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. பள்ளிக் கட்டடம் நல்ல காரியம்தான், சந்தேகமில்லை. அதற்குப் பதிலாக ஊரின் சம்மதத்தைக் கேட்க மட்டும் இடமில்லை.

பிரசுரத்தில் உள்ள தார்ச்சாலை பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. அது, சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட பகுதிகளுக்கான மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதியில் போட்டதா என்று பாருங்கள். சுரங்கக் குத்தகைதாரர்கள் அந்த அறக்கட்டளைக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும். 2015 ஜனவரி 12க்கு முன் பெற்ற குத்தகை என்றால் ராயல்டியில் 30 சதவீதம், அதற்குப் பிறகு என்றால் 10 சதவீதம். வேறு சட்டத்தின்படி செய்தே தீர வேண்டிய எதையும் சமூகப் பொறுப்புச் செலவாகக் காட்டக் கூடாது என்று 2021இல் திருத்திய விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கட்டிய வரியை மொய் எழுதியதாகச் சொல்லிக்கொள்வது போன்றது அது. ஊரில் விவரம் தெரிந்த ஒருவர் போதும், கூட்டத்தில் எழுந்து இதைக் கேட்க. அந்த நிமிடத்தில் பிரசுரத்தில் இருக்கும் மற்ற உண்மைகளும் மதிப்பிழந்துவிடும்.

இன்னொன்றையும் திருத்த வேண்டும். நிறுவனத்தில் ‘பங்கீட்டாளர் உறவுக் குழு’ என்று இயக்குநர்களின் குழு ஒன்று இருப்பதாகவும், ஊரின் குறையை அதற்கு எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தக் குழு பங்கு, கடன் பத்திரம் வைத்திருப்பவர்களின் குறைகளுக்காக ஏற்பட்டது. ஈவுத்தொகை வரவில்லை, பங்கு மாற்றம் தாமதம் என்பது போன்ற விவகாரங்கள்தான் அங்கே போகும். உங்கள் சித்தப்பாவின் கிணறு அதன் எல்லைக்குள் வராது. ஆனால் இயக்குநர்களுக்கு ஊரைப் பற்றிக் கவலையே தேவையில்லை என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நிறுவனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, பங்குதாரர்களோடு ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆகியவற்றின் நலனையும் இயக்குநரின் கடமைக்குள் சேர்த்திருக்கிறது. உங்கள் குறிப்பில் மேற்கோள் காட்ட அது நல்ல பிரிவு.

இனி என்ன செய்யலாம்

முதல் வேலை, மேலாளருக்கும் சுரங்கத்தின் சுற்றுச்சூழல் பொறுப்பாளருக்கும் ஒரு பக்கக் குறிப்பு. குற்றச்சாட்டுத் தொனி வேண்டாம். தொடர்பு அலுவலர் என்ற முறையில் தருகிற தொழில்முறை யோசனையாக எழுதுங்கள். கூட்டத்தில் கிணறு பற்றிய கேள்வி நிச்சயம் வரும். நம்மிடம் உள்ள அளவீடும் வரைவு அறிக்கையும் முரண்படுவதாகத் தெரிகிறது. நான் பார்த்தது முழு விவரமாக இல்லாமல் இருக்கலாம், ஆகவே விளக்கம் வேண்டும். முரண் இருந்தால் அறிக்கையைத் தயாரித்த ஆலோசகரிடம் சொல்லித் திருத்த வேண்டும். 8ஆம் பத்தியின் ஆபத்து இது. இவ்வளவு போதும். ‘விளக்கம் வேண்டும்’ என்ற பகுதியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் நிலத்தடி நீர் நிபுணர் அல்ல. மழை குறைந்ததாலோ, சுற்றிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகியதாலோ மட்டம் இறங்கியிருக்கவும் கூடும். அப்படியானால் அதை அளவீட்டோடு கூட்டத்தில் சொல்லட்டும். அதைவிட நல்ல பதில் நிறுவனத்துக்குக் கிடைக்காது.

அதே குறிப்பில் சில மாற்று யோசனைகளையும் வையுங்கள். அளவீடுகளைத் தமிழில் ஒரே தாளாக்கிப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டலாம். சுற்றியுள்ள கிணறுகளைக் கூட்டத்துக்கு முன்பே ஊர்க்காரர்களோடு சேர்ந்து கணக்கெடுக்கலாம். குழியிலிருந்து இறைக்கும் நீரை ஓடையில் விடாமல் ஏரிக்கோ வயலுக்கோ தர முடியுமா என்று பார்க்கலாம். வெடி வைக்கும் நேரத்தை முன்கூட்டி அறிவிக்கலாம். கூட்டத்தில் விளக்கம் தருபவர் சுரங்க மேலாளராகவோ நீரியல் ஆலோசகராகவோ இருக்கட்டும். முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர் பேசினால்தான் மக்கள் கேட்பார்கள். ‘நம் ஊர்ப் பெண்’ என்று உங்களை மேடையில் நிறுத்துவதற்கு இணங்காதீர்கள். தண்ணீரைப் பற்றி வாக்குறுதி தர உங்களுக்கு அதிகாரம் இல்லை. பொய்த்துப்போனால் ஊர் உங்களைத்தான் கேட்கும்.

ஒன்றை மேலாளருக்கு எச்சரித்துவிடுங்கள். மேடையில் சொல்வது காற்றோடு போய்விடும் என்ற காலம் முடிந்துவிட்டது. கருத்துக் கேட்பில் எழுந்த கவலைகளைத் தீர்க்க நிறுவனம் தரும் வாக்குறுதிகளை, இத்தனை குளம், இத்தனை குழாய் என்ற கணக்கில் அனுமதியின் நிபந்தனைகளாகவே எழுத வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் 2020 செப்டம்பர் 30 அன்று சுற்றறிக்கை அனுப்பியது. செய்யக்கூடியதை மட்டும் சொல்லட்டும்.

குறிப்புக்குப் பதில் வரவில்லை, அல்லது ‘வாயை மூடிக்கொண்டு படிவத்தை எடுத்துப் போ’ என்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் ஊழியர்கள் தங்கள் ஐயங்களைத் தெரிவிக்க ‘விஜில் மெக்கானிசம்’ எனப்படும் கண்காணிப்பு ஏற்பாட்டை வைத்திருக்க வேண்டும் என்று நிறுவனச் சட்டத்தின் 177ஆம் பிரிவு சொல்கிறது. புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. தேவைப்பட்டால் தணிக்கைக் குழுத் தலைவரை நேரடியாக அணுகவும் வழி இருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டின் விவரம் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும். 2014இல் வந்த தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டத்தை நீங்கள் குறிப்பிட்டிருந்தீர்கள்; அது அரசு ஊழியர்களின் ஊழல் பற்றிய புகார்களுக்கானது. தனியார் நிறுவனத்தில் இருக்கும் உங்களுக்கு அது குடை பிடிக்காது.

ரகசியக் காப்பு ஒப்பந்தத்தைப் பற்றி. சட்டவிரோதமான நோக்கத்துக்கான ஒப்பந்தம் செல்லாது என்பது 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. ஆகவே பொய் சொல்ல உங்களை எந்த ஒப்பந்தமும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் இதைப் படித்துவிட்டு அட்டவணையைப் படம் எடுத்து உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். அலுவலக ஆவணத்தை வெளியே கொண்டுபோனால் ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்களே வழி திறந்துவிடுகிறீர்கள். அதன்பிறகு பேச்சு கிணற்றைப் பற்றி இருக்காது, உங்களைப் பற்றித்தான் இருக்கும். ஊருக்கு அந்த எண்கள் வேண்டுமென்றால் அரையாண்டு அறிக்கைகளைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறட்டும். அந்த மனு ஊர்க்காரர் ஒருவருடையதாக இருக்கட்டும். பதில் தர 30 நாள் ஆகலாம், எனவே கூட்டத்துக்கு முன் கைக்கு வராமலும் போகலாம். வராவிட்டாலும் மனு போட்டிருப்பதைக் கூட்டத்தில் சொல்லி, அந்த அறிக்கைகளை நிறுவனமே தரவேண்டும் என்று கேட்டுப் பதிவு செய்யலாம்.

வேலை போகாது என்று நான் உறுதி தர மாட்டேன். பழிவாங்கக் கூடாது என்று விதி சொன்னாலும் இடமாற்றம், பதவி உயர்வில் தாமதம், கூட்டங்களுக்கு அழைக்காமல் விடுவது போன்ற சத்தமில்லாத வழிகள் பல உண்டு. நியமனக் கடிதத்தில் பணிநீக்க அறிவிப்புக் காலம் எவ்வளவு, எந்தக் காரணத்துக்கு எந்த நடைமுறை என்று ஒருமுறை படித்துவிடுங்கள். குறிப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள், வாய்மொழியாக வேண்டாம். கையெழுத்து வாங்க மறுப்பதையும் முழு மறுப்பாகச் சொல்ல வேண்டியதில்லை: ‘கிணறு பற்றிய விளக்கத்தைப் படிவத்தோடு சேர்த்துக் கொடுத்தால் வினியோகிக்கத் தயார்’ என்று எழுதுங்கள். அதை மறுக்கும் மேலாளர் தன் மறுப்பை எழுத்தில் தர வேண்டியிருக்கும். பலரும் அந்த இடத்தில் பின்வாங்கிவிடுவார்கள். அப்படியும் நெருக்கினால் ராஜினாமாவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். முதல் கடிதமாக அதைக் கொடுக்காதீர்கள்.

இனி பின்குறிப்பு. சித்தப்பா கூட்டத்தில் பேசினால் உங்கள் வேலைக்கு ஆபத்தா, அவர் மேல் நிறுவனம் அவதூறு வழக்குப் போடுமா என்று கேட்கிறீர்கள். அவர் பேசலாம். தன் கிணறு எப்போது வற்றியது, எவ்வளவு ஆழப்படுத்தினார், என்ன செலவானது என்று தனக்கு நேரடியாகத் தெரிந்ததைக் கலெக்டர் முன் சொல்வதில் அவதூறு எங்கே இருக்கிறது? யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள் என்பது போன்ற, நிரூபிக்க முடியாத பேச்சைத் தவிர்த்தால் போதும். உறவினர் பேசினார் என்பதற்காக உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க எந்த விதியும் இல்லை. ஆனாலும் அவர் பேச்சை நீங்கள் எழுதிக் கொடுக்கக் கூடாது, நிறுவனத்துக்காகவும் ஊருக்காகவும் ஒரே கை எழுதியதாக ஆகிவிடும். அவருக்கு வேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதழை மட்டும் அவரிடம் கொடுத்துவிடுங்கள்: ஐயா, கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைக்காமலும் போகலாம். அதனால் முன்கூட்டியே மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர் அலுவலகத்தில் எழுத்துமூலமும் மனு கொடுங்கள். நிலத்தின் சர்வே எண், கிணற்றின் ஆழம், வற்றிய மாதம் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். கிணற்றை ஆழப்படுத்தியதற்கும் லாரித் தண்ணீர் வாங்கியதற்கும் ரசீது இருந்தால் நகலை இணையுங்கள். மனுவின் இரண்டாம் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.